டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்

சென்னையில் மின்ட் தெருவிலும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும், தம்பு செட்டித் தெருவின் கிளியரிங் ஆபீஸ்களிலும் சர்வர் என்றால் தனி ஏசி அறையில் இருக்கும் பெட்டி என்று யாரும் நினைப்பதில்லை. கல்லாவுக்குப் பின்னாலோ, மாடிப்படிக்குக் கீழே சரக்கு மூட்டைக்குப் பக்கத்திலோ ஒரு டவர் சிபியு இருக்கும். அதில் உபுண்டு என்ற லினக்ஸ், அதன்மேல் டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி, சில இடங்களில் போஸ்ட்கிரஸ். பில், ஸ்டாக், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாம் அதற்குள்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அது வரவில்லை என்றால் சிஸ்டம் பார்க்கும் பையனுக்குப் போன் போகும்: "தம்பி, பில்லு போட முடியல, ஆளுங்க நிக்கிறாங்க, சீக்கிரம் வாப்பா." அந்தத் தம்பி வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தக் கடையின் கணக்கே நிற்கிறது. கரண்ட் போனதால் அழிந்த டேட்டாவைவிட, கரண்ட் வந்த பிறகு மனிதக் கை பட்டு அழிந்த டேட்டாதான் அதிகம் என்பது என் எண்ணம். இந்தத் தொழிலில் எத்தனை வருஷம் போனாலும் இந்த எண்ணம் மாறுவதாக இல்லை.

காரணம் ஒரு பழக்கம். விண்டோஸில் எது ஓடாவிட்டாலும் எடுத்துவிட்டு மறுபடி போட்டால் ஓடும். அதே கை லினக்ஸுக்கும் வருகிறது. சர்வர் நின்றால் ரீஸ்டார்ட், அதிலும் வராவிட்டால் இணையத்தில் கிடைக்கும் முதல் கட்டளை, கடைசியில் ரீஇன்ஸ்டால். ஆனால் டேட்டாபேஸ் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது பல சமயம் அது தெரிந்தே எடுக்கும் முடிவு. போஸ்ட்கிரஸைப் பாருங்கள். டேட்டா ஃபோல்டரின் அனுமதி 0700 அல்லது 0750 ஆக இல்லாவிட்டால் அது கிளம்பவே மாட்டேன் என்று நிற்கும். "பெர்மிஷன் பிரச்சினையாக இருக்கும்" என்று யாராவது 'சிமோட் 777' அடித்துவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரும் அடுத்த ரீஸ்டார்ட்டில் நின்றுவிடும். பழுது எதுவும் கிடையாது. எவன் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டரில் கணக்கு வைக்க அதற்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லுக்குள் டேட்டாவைச் சேமிக்கும் இன்னாடிபியும் அப்படித்தான். 'ஐபிடேட்டா1' கோப்பைப் பூட்ட முடியவில்லை, எர்ரர் 11 என்று சொன்னால், பழைய மைஎஸ்க்யூஎல் புராசஸ் இன்னும் சாகாமல் அதே கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதினால் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியும்.

காரணம் எழுதியே இருக்கிறது

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடித்து, சிவப்பில் 'ஃபெயில்டு' என்று வந்ததும் நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். அந்தத் திரை கடைசிப் பத்து வரிகளை மட்டும் காட்டும், அதிலும் நீளமான வரிகளை வெட்டிக் காட்டும். முழு விஷயம் 'ஜர்னல்சிடிஎல் -யூ மரியாடிபி -பி --நோ-பேஜர்' என்று கேட்டால்தான் வரும். '-பி' போட்டால் இந்த பூட்டில் நடந்தது மட்டும் வரும். பழைய மதர்போர்டில் பட்டன் பேட்டரி செத்து, கடிகாரம் எங்கோ பின்னால் போயிருந்தாலும் குழப்பம் இருக்காது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் தன் புகாரை /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்/எர்ரர்.லாக் கோப்பில் எழுதும். ராக்கி, ஆல்மா மாதிரியான ரெட்ஹேட் குடும்பத்தில் /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்/மைஎஸ்க்யூஎல்டி.லாக் அல்லது /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல்டி.லாக் கோப்பைப் பார்க்க வேண்டும்.

போஸ்ட்கிரஸில் ஒரு கண்கட்டு இருக்கிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் 'ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரஸ்க்யூஎல்' என்று கேட்டால் பச்சை நிறத்தில் 'ஆக்டிவ் (எக்ஸிடெட்)' என்று வரும். உள்ளே டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் அதே பச்சைதான், ஏனென்றால் அந்த சர்வீஸ் வெறும் முகப்பு. உண்மை நிலவரத்துக்கு 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' அடிக்க வேண்டும். பதிப்பு, போர்ட், 'டவுன்' அல்லது 'ஆன்லைன்', லாக் கோப்பின் முழு முகவரி எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். அங்கே 14, மெயின் என்றிருந்தால் நாம் பார்க்க வேண்டிய சர்வீஸ் 'போஸ்ட்கிரஸ்க்யூஎல்@14-மெயின்'.

லாக்கைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டி, விழுந்த சர்வரைத் தானே தூக்கி நிறுத்தப் பார்க்கும். விழ விழத் தூக்கும். அதனால் லாக்கின் அடிப்பகுதி முழுக்க ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வரும், கடைசியில் 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி' என்று முடியும். அந்தக் கடைசி வரியைக் கூகுளில் போட்டு ஒரு பயனும் இல்லை. முதலில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, லாக்கில் மேலே போய், சர்வர் கடைசியாக ஒழுங்காக ஓடிய வரியைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே வரும் முதல் 'எர்ரர்' வரிதான் சாட்சி. 'அபார்ட்டிங்' என்பது முடிவு. காரணம் அதற்கு இரண்டு மூன்று வரி மேலே இருக்கும்.

அந்த வரியில் ஒரு எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 2 என்றால் கோப்போ ஃபோல்டரோ இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. 30 என்றால் டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. 98 என்றால் போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். மறந்துவிட்டால் மைஎஸ்க்யூஎல்லோடு வரும் 'பிஎர்ரர்' கருவியிடம் 'பிஎர்ரர் 28' என்று கேளுங்கள், சொல்லிவிடும். பில்லிங் மென்பொருள் சர்வரோடு பேசும் வாசல்தான் சாக்கெட்; அது காட்டும் சாக்கெட் எர்ரரிலும் அடைப்புக்குறிக்குள் இப்படி ஓர் எண் இருக்கும். அங்கே 2 என்றால் சாக்கெட் கோப்பே இல்லை, சர்வர் ஓடவில்லை அல்லது வேறு இடத்தில் சாக்கெட் வைத்திருக்கிறது. 111 என்றால் கோப்பு கிடக்கிறது, எடுத்துப் பேச ஆளில்லை. கடைக்காரர் போனில் எர்ரரைப் படிக்கும்போது இந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டால் பைக் எடுக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும்.

இடமில்லை

நேற்று இரவு வரை ஓடி, இன்று காலை தானாக நின்ற சர்வரில் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். 'டிஎஃப் -ஹெச்', கூடவே 'டிஎஃப் -ஐ'. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்து ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் பதிவு, தீர்ந்துபோனால், ஜிபி கணக்கில் இடம் இருந்தாலும் புதிதாக ஒரு கோப்பு உருவாக்க முடியாது. இன்னொன்று: இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸின் கோப்பு முறை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால் நீங்கள் 'சூடோ' போட்டு ஒரு கோப்பு எழுதிப் பார்த்தால் எழுதும், "இடம் இருக்கே" என்று தோன்றும். மைஎஸ்க்யூஎல் தன் சொந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது, அதற்கு அந்த 5 சதவீதம் கிடையாது.

இடத்தைத் தின்றது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பேர். ஒன்று, நல்லெண்ணத்தில் யாரோ கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைப் பட்டியல்) போட்ட தினசரி பேக்கப். அதே டிஸ்க்கில் எழுதி, பழையதை அழிக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டாவது, டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பின்லாக். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் பின்லாக் தானாகவே ஆனில் இருக்கிறது, 2592000 விநாடி, அதாவது 30 நாள் வரை வைத்திருக்கும். ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு நகல் அனுப்புவது) எதுவும் இல்லாத ஒற்றை சர்வர் கடைக்கு இது அதிகம். ஆனால் 'பின்லாக்.000123' என்று வரிசையாகத் தெரிகிறதே என்று 'ஆர்எம்' போடாதீர்கள். அவற்றின் பட்டியல் தனியாக ஓர் இண்டெக்ஸ் கோப்பில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்து கோப்பு இல்லாவிட்டால் அதுவே அடுத்த எர்ரராக வந்து நிற்கும். டேட்டா ஃபோல்டருக்கு வெளியே இடம் பிடியுங்கள். 'ஆப்ட் கிளீன்', 'ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்', பழைய பேக்கப்பை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது, இந்த மூன்றும் ஆபத்தில்லாதவை. ஒன்றிரண்டு ஜிபி கிடைத்து சர்வர் கிளம்பிய பிறகு, உள்ளே போய் 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் முறைப்படி குறையுங்கள். போஸ்ட்கிரஸில் 'பிஜி_வால்' ஃபோல்டர் பெருத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. வெறும் லாக் போலத் தெரிந்தாலும் அது டேட்டாபேஸின் உயிர்நாடி. ஆர்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கிறதா, யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று தேட வேண்டும். அதிலிருந்து ஒரு கோப்பைக்கூடக் கையால் எடுக்கக் கூடாது.

டேட்டா காணோம் என்ற பொய்

எல்லாப் பழுதிலும் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். இதில் எர்ரரே இருக்காது. டேட்டாவுக்கென்று இரண்டாவது டிஸ்க் போட்டு, அதை /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல் இடத்தில் மவுண்ட் செய்திருப்பார்கள், அதாவது அந்த ஃபோல்டரோடு இணைத்திருப்பார்கள். எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லும் சேர்த்திருப்பார்கள், டிஸ்க் வராவிட்டாலும் கணினி பூட் ஆகட்டும் என்று. கரண்ட் போய் வந்த ஒரு காலையில் சாட்டா கேபிள் தளர்ந்தோ, டிஸ்க் எழுந்திருக்கத் தாமதித்தோ அந்த மவுண்ட் நடக்காமல் போகும். இப்போது அந்த இடத்தில் இருப்பது ரூட் டிஸ்க்கின் காலி ஃபோல்டர். ரெட்ஹேட் குடும்பத்தில் மைஎஸ்க்யூஎல் கிளம்பும் முன் ஓடும் ஸ்கிரிப்ட், ஃபோல்டர் காலியாக இருந்தால் புது டேட்டாபேஸ் ஒன்றையே அதில் உருவாக்கிவிடும். சர்வர் ஜம்மென்று ஓடும், உள்ளே கடையின் ஒரு டேபிள்கூட இருக்காது.

பார்த்தவர் பதறுவார். போன மாதப் பேக்கப்பைத் தேடி எடுத்து அதில் ஏற்றுவார். கடை ஓட ஆரம்பிக்கும், புதுப் பில்கள் விழும். ஒரு வாரம் கழித்து இன்னொரு ரீபூட்டில் டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆகும். அன்றைக்கு மூட்டை மூட்டையாகப் பழைய கணக்கு திரும்பி வந்து நிற்கும், இந்த ஒரு வாரப் பில் மட்டும் இருக்காது. ஒரே எண்ணில் இரண்டு வேறு இன்வாய்ஸ்கள், மாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1, இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டிய வேலை. இவ்வளவும் டேட்டா ஒரு நொடிகூட அழியாமலே நடக்கிறது. 'ஃபைண்ட்எம்என்டி /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்' என்று ஒரு வரி அடித்திருந்தால் போதும். பதில் எதுவும் வராவிட்டால் அங்கே டிஸ்க் இல்லை என்று அர்த்தம். 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' எல்லா டிஸ்க்கையும் அவற்றின் யூயூஐடியோடு காட்டும், எஃப்எஸ்டேப்பில் இருப்பதோடு ஒப்பிட்டால் எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

இது நடக்காமல் தடுக்க இரண்டு வழி. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்' என்று எழுதினால் டிஸ்க் வராமல் சர்வர் கிளம்பாது. அதோடு, டிஸ்க்கை அவிழ்த்துவிட்ட நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஎச்ஆட்டர் +ஐ' போட்டுவிடுங்கள். மவுண்ட் ஆகாத நாளில் ரூட்கூட அதில் ஒரு கோப்பு உருவாக்க முடியாது. மவுண்ட் ஆனால் மேலே வருவது டேட்டா டிஸ்க், அதை இது தொடாது.

கரண்ட் போய் வந்த பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த அளவு வேண்டாம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தமே போதும். 600 விஏ யூபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று, அதுவும் மூன்று வயதைத் தாண்டியது. இப்படித் திடீரென்று விழுந்த சர்வர் எழும்போது உடனே வேலைக்கு வராது. முதலில் ரீடோ லாக்கை எடுத்துப் படிக்கும். கடையில் நாள்வழிக் குறிப்பேட்டில் உடனுக்குடன் குறித்து, பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுகிறோம் அல்லவா? பேரேட்டில் ஏறாமல் நின்றுபோனவற்றைக் குறிப்பேட்டைப் பார்த்து ஏற்றிவிட்டுத்தான் அது கடை திறக்கும். 'ஐபி_லாக்ஃபைல்0' என்று கிடக்கும் கோப்புதான் அந்தக் குறிப்பேடு. மைஎஸ்க்யூஎல் 8.0.30-லிருந்து '#இன்னாடிபி_ரீடோ' ஃபோல்டருக்குள் இருக்கிறது. "லாக்ஃபைலை டெலீட் பண்ணுங்க, சர்வர் வந்துடும்" என்ற அறிவுரை இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒழுங்காக மூடப்படாத சர்வரில் அதை அழித்தால், கமிட் ஆன பில்கள் போகும், டேட்டா பக்கங்களுக்குள் பொருத்தம் கெடும். போஸ்ட்கிரஸில் இதற்கு இணையான அபாயம் 'பிஜி_ரீசெட்வால்'.

ரெக்கவரி நேரம் எடுக்கும். பெரிய லாக், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பல நிமிஷம்கூட ஆகும். சிஸ்டம்டிக்கோ பொறுமை இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. யூனிட் கோப்பில் எதுவும் சொல்லாவிட்டால் 90 விநாடி. கையால் எழுதிய யூனிட் கோப்புகளில் இது அப்படியே இருக்கும். பாதி ரெக்கவரியில் சிஸ்டம்டி அதைக் கொன்று மறுபடி தொடங்கும், மறுபடி கொல்லும். பார்ப்பவருக்கு டேட்டாபேஸ் கெட்டுப்போன மாதிரியே தெரியும். லாக்கில் ரெக்கவரி சதவீதம் நகர்ந்துகொண்டிருந்து, பிறகு 'டைம்அவுட்' என்று முடிந்திருந்தால் 'டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி' என்று மாற்றிவிட்டுக் காத்திருங்கள். ஸ்டார்ட் ஆகிவிடும்.

உண்மையிலேயே பக்கம் கெட்டிருக்கிறது என்று லாக் சொன்னால் மட்டும் கான்ஃபிக் கோப்பில் 'இன்னாடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி' வரியைச் சேருங்கள். அதற்கு முன் சர்வர் முழுதாக நின்றிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, டேட்டா ஃபோல்டர் மொத்தத்தையும் 'சிபி -ஏ' போட்டு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். 20 ஜிபி டேட்டா, விநாடிக்கு 100 எம்பி ஓடும் யூஎஸ்பி டிஸ்க் என்றால் நாலு நிமிஷம்கூட ஆகாது. ஆள் நிற்கிறார்கள் என்றாலும் அந்த நாலு நிமிஷத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பிறகு மதிப்பை 1-ல் வைத்துத் தொடங்கி, எழாவிட்டால் 2, 3 என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 4-லிருந்து மேலே நிரந்தரச் சேதம் வரலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்கிறது. எழுந்ததும் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' எடுத்து, புது டேட்டா ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். ஃபோர்ஸ் ரெக்கவரி வரியை அப்படியே விட்டுவிட்டு அதிலேயே பில் போட ஆரம்பிக்கக் கூடாது.

டிஸ்க் விஷயமும் இங்கேதான் பார்க்க வேண்டும். எண் 30 வந்திருந்தால் கெர்னல் ஏதோ கோளாறைக் கண்டு டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றியிருக்கிறது. 'ஜர்னல்சிடிஎல் -கே' வெளியீட்டில் 'ஐ/ஓ எர்ரர்' இருக்கும். 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' கொடுத்து 'கரண்ட் பெண்டிங் செக்டார்' எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், ரிப்பேர் முயற்சி எதுவும் அந்த டிஸ்க்கில் வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்குங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல்காற்றின் உப்பு கனெக்டர்களில் பச்சையாகப் பூக்கும். சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்ப்பது அங்கே வீண் வேலை இல்லை.

ஆம், இல்லை

ரீஇன்ஸ்டால் செய்ய 'ஆப்ட் பர்ஜ்' அடிப்பவருக்கு நடுவில் ஒரு திரை வரும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்கள் எல்லாவற்றையும் அழித்துவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டு, கீழே 'யெஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான். பின்னால் கடைக்காரர் நிற்கிறார், வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், படிக்காமல் எண்டர் தட்டிப் பழகிய விரல். அந்த ஒரு திரையில் கடையின் பத்து வருஷக் கணக்கு போகலாம். பேக்கேஜை மறுபடி போட்டே ஆக வேண்டுமென்றால் 'ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' போதும், பர்ஜ் தேவையே இல்லை. அதுவும் நிரல் கோப்பு கெட்டிருந்தால்தான் உதவும், டேட்டா ஃபோல்டரில் இருக்கும் பிரச்சினைக்கு உதவாது. பதிப்பு மாறினால் வேறு சிக்கல். 8.0 தொட்ட டேட்டாவை 5.7 திறக்காது. அந்த மாதிரி கீழிறக்கத்தைக் கண்டால் உபுண்டு /எட்சி/மைஎஸ்க்யூஎல்/ஃப்ரோஸன் என்று ஒரு கோப்பை வைத்து சர்வரை முடக்கிவிடும். அதை அழித்துவிட்டு ஓட்டப் பார்க்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மற்றவை சீக்கிரம் தீரும். அப்கிரேடுக்குப் பிறகு நின்றால் கான்ஃபிக் கோப்பில் பழைய வரி இருக்கும். 8.0-இல் 'க்வெரி_கேஷ்_சைஸ்' இல்லை, எஸ்க்யூஎல் மோடில் 'நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்' இல்லை. 'மைஎஸ்க்யூஎல்டி --வேலிடேட்-கான்ஃபிக்' ஓட்டினால் காட்டிக்கொடுக்கும். டேட்டாவைப் புது இடத்துக்கு மாற்றிய பிறகு எண் 13 வந்து, ஓனர்ஷிப் எல்லாம் சரியாக இருந்தால் தடுப்பது பாதுகாப்புக் காவல்: உபுண்டுவில் ஆப்ஆர்மர், ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ். கெர்னல் லாக்கிலோ ஆடிட் லாக்கிலோ 'டினைடு' என்று தேடுங்கள். மரியாடிபியை /ஹோம் அடியில் வைத்தால் அதன் யூனிட் கோப்பில் உள்ள 'புரொடெக்ட்ஹோம்' தடுக்கும். போர்ட் 3306-ஐப் பிடித்திருப்பவரை 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' பெயரோடு காட்டும், பெரும்பாலும் யாரோ சோதனைக்கு ஏற்றிவிட்டு மறந்த டாக்கர் கன்டெய்னர். 4 ஜிபி ரேம் உள்ள பெட்டியில், டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு 3 ஜிபி கொடுத்திருந்தால் ரேம் தீர்ந்து கெர்னலே கொன்றுவிடலாம், ஸ்டேட்டஸில் '9/கில்' என்று இருக்கும்.

சர்வர் எழுந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. யூபிஎஸ்ஸோடு யூஎஸ்பி கேபிள் கொடுத்திருந்தால் அது இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். எடுத்து மாட்டி, யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் 'நட்' பேக்கேஜைப் போட்டு, பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமையுங்கள். பிறகு அன்றைய டம்ப்பை வேறு ஒரு லேப்டாப்பில் ஏற்றி, கடைசிப் பில் எண் சர்வரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.